தாமதத்திற்கான காரணம்

பணி நிறைவன்று ஆரப்பாளையத்தில்
ஒரு சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.
முப்பத்தொரு வருடம் பஸ்களுக்கு நேரம் குறித்தவருக்கு
இன்னுமொரு கடிகாரம்.
அடுத்த மாதம் பி.எஃப். பணத்தில்
டவுன்ஹால் ரோட்டிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கியது கம்ப்யூட்டர்,
மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவரும்
மற்றதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு டிரைவரும்.

தையல் மிஷின் இருந்த மூலைதான் தோது என்றார்.
பிளக் அங்கேதான் இருக்கிறதாம்.
என் மிஷினுக்குப் பிளக் தேவையில்லை,
அதனால் அது பின்வாசலுக்குப் போயிற்று.

முதல் சில வாரம் சீட்டாடினார், தனியாக.
ஜெயித்தால் சீட்டெல்லாம் துள்ளித் துள்ளி விழும்.
"ரெஜினா, வந்து பாரேன்" என்பார்.
எனக்குக் கையெல்லாம் மாவு.

அப்புறம் கட்டம் போடப் பழகினார்.
அதன்பின் பெத்தானியாபுரத்து வீட்டில்
கட்டத்துக்கு வெளியே எதுவுமில்லை:
பால், மோட்டார் போட்ட நிமிடம், என் தைராய்டு மாத்திரை,
சிலிண்டர் மாற்றிய தேதி.
"போன சிலிண்டர் நாப்பத்திரெண்டு நாள் வந்துச்சு.
இது ஏன் முப்பத்தாறு?"
அடுப்பிடம் கேட்பதுபோல் கேட்டார்.
"கிறிஸ்மசுக்கு அதிரசம் தின்னது யாரு?"
அதையும் 'குறிப்பு' என்ற கட்டத்தில்
ஒற்றை விரலால் தட்டினார்.
நான் பேச்சை நிறுத்தினேன்.

எங்கள் வீட்டில் சண்டைக்குச் சத்தம் கிடையாது.
மேல்வீட்டு ஃப்ளோரா, முப்பத்தைந்து வருடமாகச்
சண்டையே போடாத ஜோடி என்று
எங்களைக் காட்டி மருமகளைத் திட்டுகிறாள்.

வருடக் கடைசியில், அவர் பென்ஷன் ஆபீஸ் போன ஒரு பகலில்
கேஸ் நம்பர் தேடித் திறந்தேன்.
கீழே வரிசையாகப் பெயர்கள்: பால், மோட்டார், மாத்திரை, கேஸ்.
ஓரத்தில் பெயரில்லாமல் ஒன்று.
நிறுத்தம். நின்ற நேரம். கிளம்பிய நேரம். தாமதம். காரணம்.

ஜனவரி 9. சமையலறை.
இரவு 8.40க்கு நின்றது, மறுநாள் 11.15க்குக் கிளம்பியது.
தாமதம் 14 மணி 35 நிமிடம்.
அக்டோபர் 17. பின்வாசல். மூன்று நாள்.
மொத்தம் பத்தொன்பது வரிசை.
வண்டி நான்தான் என்று புரியக்
கொஞ்சம் நேரமானது.

காரணப் பத்தி மட்டும் வெள்ளையாக இருந்தது.

அரசரடியில் ஊர்வலம், ஆற்றில் தண்ணீர்,
பஞ்சர், சித்திரைத் திருவிழாக் கூட்டம்.
காரணம் எழுதாமல் ஒரு வண்டியை விட்டதில்லை இவர்.
கண்டக்டர் வாய் திறக்கும்வரை பேனாவை மூடமாட்டார் என்று
டெப்போவில் பேர்.
என்னிடம் கேட்கவில்லை.

அன்றிரவு அவர் குறட்டை நிதானப்பட்ட பிறகு
அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு எழுத்தையும் சாவிகளுக்குள் தேடியெடுத்து
முதல் வரிசையில்: அதிரசம்.
அக்டோபருக்கு: மிஷின் மழையில் நனைந்தது.
மற்றதற்கெல்லாம் விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன்.
நினைவில்லை என்று அடித்தேன்.
அடுத்ததற்கும் நினைவில்லை.
ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்டத் தெரியாததால்
பதினாறு தடவையும் முழுசாக அடித்தேன்.
பதினொன்றாவது மட்டும் நன்றாக நினைவிருந்தது.
ஜூலை 21. வாசல். நான்கு நாள்.
அதை எழுதவில்லை.
கட்டத்துக்குள் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது.

கரண்ட் போயிற்று.
மேசைக்கடியில் யு.பி.எஸ். கத்தத் தொடங்கியதும்
கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.
"சேவ் பண்ணு, சேவ் பண்ணு!"
எங்கே என்று தெரியாமல் நான் மவுசை உருட்ட
என் கைமேலேயே கை வைத்து அழுத்தினார்.
திரையைப் படித்தாரா, தெரியவில்லை.
"பத்து நிமிஷம் தாங்கும்" என்றார்.
பதினைந்து தாங்கியது.
அது அணைந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை,
கொசு கடித்தது.

காலையில் பதினொன்றாவது கட்டத்தில்
டெப்போ பாஷையில் இருந்தது:
ஓட்டுநர் கவனக்குறைவு.
எந்த ஓட்டுநர் என்று போடவில்லை.
கேட்டுவிடலாம் என்று போனேன்.
சீட்டாடிக்கொண்டிருந்தார்.
"சிவப்புப் பத்தை
அந்தக் கறுப்பு ஜாக்குல வைங்க" என்றேன்.